பிளஸ் டூ முடிச்சாச்சு, மியூசிக் படிக்கணும்: தர்மபுரி, கிருஷ்ணகிரி பசங்களுக்கு எந்த வழி சரிப்படும்?

போன மாசம் ஒரு நாள் சாயங்காலம் பென்னாகரத்துலருந்து ஒரு அண்ணன் தன் பையன கூட்டிகிட்டு நேரா வீட்டுக்கே வந்துட்டாரு. பையன் பிளஸ் டூ எழுதிட்டான், அஞ்சு வருஷமா சர்ச்சுல கீபோர்டு வாசிக்கிறான், இப்ப காலேஜ்ல மியூசிக்தான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறான், வீட்ல அம்மா நர்சிங்ல சேருன்னு சொல்றாங்க, அப்பாவுக்கு ரெண்டு பக்கமும் தலையாட்டறத தவிர வேற வழி தெரியல. "தம்பி நீ இதுலயே இருக்கற, எங்க சேத்தா இவன் நாளைக்கு சோறு திம்பான், அத மட்டும் சொல்லு"ன்னாரு. ரெண்டு மணி நேரம் பேசினோம். அதுக்கப்புறம் பாலக்கோட்டுலருந்து ஒரு பொண்ணு, ஓசூர்லருந்து ஒருத்தரு, எல்லாரும் கிட்டத்தட்ட அதே கேள்விதான். அதான் முழுசா எழுதிடலாம்னு உக்காந்தேன்.

நான் யாருன்னு சொல்லிடறேன், அப்பதான் என் பேச்சுல எத எடுக்கறது எத விடறதுன்னு உங்களுக்கு தெரியும். சொந்த ஊரு காவேரிப்பட்டணம் பக்கம். கிருஷ்ணகிரி அரசு இசைப் பள்ளில மூணு வருஷம் வயலின், அப்புறம் அரசு இசைக் கல்லூரி, அதுக்கப்புறம் ஒரு தனியார் இடத்துல ஆறு மாச சவுண்ட் கோர்ஸ். இப்ப சாயங்காலம் பசங்களுக்கு கிளாஸ் எடுக்கறேன், முகூர்த்த நாள்ல ரிசப்ஷன் கச்சேரி. மூணு விதமான படிப்பையும் தொட்டுப் பாத்துட்டேன்.

## மொதல்ல எத வச்சு எடை போடறது

எல்லாரும் காலேஜ் பேரத்தான் கேக்கறாங்க. பேரு அப்புறம். நான் அஞ்சு விஷயத்த பாப்பேன்.

கை. பாடறவங்களுக்கு தொண்டைன்னு வச்சுக்கங்க. வாரத்துக்கு எத்தன மணி நேரம் ஒரு வாத்தியார் உன்ன மட்டும் தனியா வாசிக்க சொல்லி கேட்டு, இந்த கமகம் (சுரத்த அசைச்சு எடுக்கறது) தப்பு, இந்த வில் கோணல்னு திருத்தறாரு? மியூசிக் படிப்புல இதுதான் உயிரு.

காது. அதாவது தியரி. ராகம், தாளம், எழுதிப் பாடறது, கார்டு (பல சுரத்த ஒண்ணா சேத்து அமுக்கறது), ஸ்டாஃப் நொட்டேஷன் (கோடு போட்டு சுரத்த எழுதற மேற்கத்திய முறை), கேட்டத அப்படியே எழுதறது.

கணக்கு. தொழில் நடத்தற சாமர்த்தியம். ரேட் பேசறது, அட்வான்ஸ் வாங்கறது, ரெக்கார்டிங், மிக்ஸிங், பாட்டோட உரிமை யாருக்கு, ராயல்டி எங்கருந்து வரும். நம்ம ஊரு பசங்க அதிகமா அடி வாங்கறது இங்கதான்.

காகிதம். வாங்கற சர்டிபிகேட் எந்த வேலைக்கு செல்லும், எதுக்கு செல்லாது.

காசு. பீஸ் மட்டும் இல்ல, ரூம் வாடகை, சாப்பாடு, வாத்தியம், தந்தி, லேப்டாப், ஊருக்கு வந்து போற செலவு, மூணு வருஷம் சம்பாதிக்காம இருக்கறது, எல்லாம் சேத்து.

இந்த அஞ்சும் ஒரே இடத்துல முழுசா கெடைக்கற காலேஜ நான் இன்னும் பாக்கல. அதனால என் கணக்கு இதுதான்: வீட்ல தனியா உக்காந்து கத்துக்கவே முடியாதது எதுவோ அதுக்குத்தான் காலேஜுக்கு காசும் மூணு வருஷமும் குடுக்கணும். தியரிய புக்கு வச்சு படிக்கலாம், மிக்ஸிங்க வீடியோ பாத்து ஓரளவு கத்துக்கலாம், ஆனா கைய திருத்தறதுக்கு எதிர்ல ஒரு ஆள் உக்காந்தாகணும். கீழ எந்த வழிய பத்தி சொன்னாலும் இத மனசுல வச்சுதான் சொல்றேன்.

## கிருஷ்ணகிரி அரசு இசைப் பள்ளி

நம்ம மாவட்டத்துல இப்படி ஒண்ணு இருக்கறதே பாதி பேருக்கு தெரியாது. கலை பண்பாட்டுத் துறை தமிழ்நாடு முழுக்க 17 மாவட்ட இசைப் பள்ளி நடத்துது, அதுல ஒண்ணு கிருஷ்ணகிரில. தர்மபுரில இல்ல, தர்மபுரி பசங்க ஒண்ணு கிருஷ்ணகிரிக்கு வரணும், இல்ல சேலத்துக்கு போகணும், அங்கயும் ஒண்ணு இருக்கு. பஸ்ல ரெண்டு பக்கமும் ஒரு மணி, ஒண்ணரை மணி நேரம்தான்.

குரலிசை, வயலின், மிருதங்கம், நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், இந்த ஏழுதான். மூணு வருஷ சர்டிபிகேட் படிப்பு. 12 வயசுலருந்து 25 வயசு வரைக்கும் சேரலாம். பாட்டு, வயலின், மிருதங்கம், பரதத்துக்கு ஏழாவது பாஸ் ஆகியிருந்தா போதும், நாதஸ்வரம் தவில் தேவாரத்துக்கு தமிழ் எழுதப் படிக்க தெரிஞ்சா போதும். பீஸ் வருஷத்துக்கு சில நூறு ரூபாதான், அதுமேல மாச உதவித்தொகையும் உண்டு. ஒரு தடவ தியேட்டருக்கு குடும்பத்தோட போற காசுல ஒரு வருஷப் படிப்பு.

கை விஷயத்துல இத நான் ரொம்ப மேல வைப்பேன். நான் படிச்சப்ப என் கிளாஸ்ல ஒம்பது பேரு. தினமும் வாத்தியாரு முன்னாடி உக்காரணும். சரளி வரிசை, ஜண்டை, அலங்காரம், கீதம், வர்ணம்னு படிப்படியா, ஒண்ணு சரியா வராம அடுத்தது கெடையாது. மாயாமாளவகௌளை ராகத்த மூணு காலத்துலயும், அதாவது மூணு வேகத்துலயும், வாசிச்சு வாசிச்சு விரல் தோலு காய்ப்பு ஏறிடுச்சு. அப்ப கசந்துச்சு. இன்னைக்கு மேடைல என்ன பாட்டு குடுத்தாலும் சுருதி விலகாம நிக்குதுன்னா அந்த மூணு வருஷம்தான் காரணம்.

காது கர்நாடக சங்கீத அளவுக்கு நல்லா வரும். 72 மேளகர்த்தா ராகம், 35 தாளம் எல்லாம் கேட்டா சொல்லணும். ஆனா கீபோர்டு கெடையாது, கிட்டார் கெடையாது, ஸ்டாஃப் நொட்டேஷன் கெடையாது. கணக்கு சுத்தமா கெடையாது.

மறைஞ்ச செலவு என்னன்னா, இது டிகிரி இல்ல. பகல் கிளாஸ், அதனால ரெகுலர் காலேஜுக்கும் போக முடியாது. மூணு வருஷம் கழிச்சு கூடப் படிச்சவங்க எல்லாம் டிகிரியோட நிப்பாங்க, நம்ம கைல சர்டிபிகேட் இருக்கும், வீட்ல சொந்தக்காரங்க பேசற பேச்சு வேற. இதுக்கு ஒரு வழி இருக்கு, நான் பண்ணாம விட்டது அது: தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் மாதிரி இடத்துல தபால் வழியா ஒரு பிஏவோ பிகாமோ கூடவே போட்டுடறது. ஞாயித்துக்கிழம போயி எழுதிட்டு வரலாம். மூணு வருஷ முடிவுல ரெண்டு காகிதம் கைல.

நாயனம், தவில் வாசிக்கற குடும்பத்துப் பசங்களுக்கு தனியா ஒரு வார்த்த. நம்ம பக்கம் கல்யாணத்துலயும் திருவிழாலயும் இப்ப செண்டை மேளத்த எறக்கறாங்க, டிஜே எறக்கறாங்க, அப்பா தொழில் போச்சுன்னு பசங்க ஓசூர் கம்பெனிக்கு போறாங்க. அவங்கள நான் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா முகூர்த்தத்துல தாலி கட்டறப்ப கெட்டி மேளத்துக்கு வேற ஆள் கெடையாது, கோயில்ல நாதஸ்வரம், தவில், ஓதுவார் இடத்துக்கு அறநிலையத் துறை ஆள் எடுக்கறப்ப முறையா படிச்ச சர்டிபிகேட் கேக்கறாங்க. வீட்லயே தாத்தாகிட்ட பாடம் வந்தாலும் அந்த காகிதத்துக்காகவாவது இசைப் பள்ளில பேர குடுங்க. பம்பை, கூத்து ஆடற குடும்பங்களுக்கு இந்த மாதிரி மூணு வருஷப் படிப்பு இங்க இல்லங்கறது எனக்கு ரொம்ப வருத்தம், குறைஞ்சபட்சம் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்துல பதிவு பண்ணிக்கங்க.

## அரசு இசைக் கல்லூரி, பல்கலைக்கழகம்

அரசு இசைக் கல்லூரி நாலு: சென்னை, கோவை, மதுரை, திருவையாறு. நம்ம ரெண்டு மாவட்டத்துக்கும் தூரம்தான். 2013ல இசைக்கும் கவின்கலைக்கும் தனியா பல்கலைக்கழகம் ஆரம்பிச்ச பிறகு எல்லாம் அதோட இணைஞ்சு டிகிரி குடுக்குது. சென்னைல இருக்கறது 1949ல முசிரி சுப்பிரமணிய ஐயர் மொத முதல்வரா இருந்து ஆரம்பிச்சது. இது தவிர சிதம்பரத்துல அண்ணாமலைப் பல்கலைக்கழகம், ராஜா அண்ணாமலை செட்டியார் 1929லயே இசைப் படிப்பு தொடங்கின இடம், தமிழிசை இயக்கத்துக்கே வேரு அங்கதான். பொண்ணுங்களுக்கு சென்னை ராணி மேரி கல்லூரில இந்திய இசை பிஏ. திருவான்மியூர்ல கலாக்ஷேத்ரா, 1936ல ருக்மிணி தேவி ஆரம்பிச்சது, டிப்ளமோ.

கோவை கல்லூரி மலுமிச்சம்பட்டில இருக்கு, பொள்ளாச்சி ரோட்டுல. நம்மாளுங்களுக்கு சேலம் போயி அங்கருந்து ரயிலோ பஸ்ஸோ, ஒரு நாள் பயணத்துல போயி சேந்துடலாம், அதனால மொதல்ல அத பாருங்கன்னுதான் சொல்வேன். ஆனா பாட்டுலயோ வயலின்லயோ ஆழமா எறங்கணும்னு இருக்கறவங்க திருவையாற யோசிங்க. காலைல காவேரிக்கரைல நடந்துட்டு வந்து சாதகம் (பயிற்சி) பண்றது, தை மாசம் தியாகராஜர் ஆராதனைக்கு பெரிய பெரிய வித்வான்கள் எல்லாம் அங்கயே வந்து எறங்கறது, பக்கத்துல தஞ்சாவூரு, நாலா பக்கமும் நாதஸ்வரக்காரங்க ஊரு. அந்த காத்தே ஒரு பாடம்.

பீஸ் அரசு பீஸ். அரசுப் பள்ளில ஆறாவதுலருந்து பிளஸ் டூ வரைக்கும் படிச்சவங்களுக்கு மாசம் 1,000 ரூபா வரும், பொண்ணுங்களுக்கு புதுமைப் பெண், பசங்களுக்கு தமிழ்ப் புதல்வன். கலைப் படிப்புக்கு இதெல்லாம் வராதுன்னு யாரோ கெளப்பி விட்டுட்டு இருக்காங்க, டிகிரி டிகிரிதான், சேந்த உடனே ஆபீஸ்ல கேட்டு பதிவு பண்ணுங்க. 18லருந்து 25 வயசுக்குள்ள முன்னேறின நிலைல இருக்கறவங்களுக்கு மத்திய கலாச்சார அமைச்சகத்தோட இளம் கலைஞர் உதவித்தொகை ஒண்ணு இருக்கு, மாசம் 5,000, ரெண்டு வருஷம். அதுக்கு ஒரு குருகிட்ட சில வருஷம் படிச்சதுக்கு எழுத்து வேணும், அதனால இப்ப யாருகிட்ட கத்துகிட்டு இருந்தாலும் தேதி போட்டு ஒரு கடுதாசி வாங்கி வச்சுக்கங்க.

கை, காது ரெண்டும் இங்க நல்லா வரும். ஆனா ஒரு உண்மைய சொல்லணும். சேர்றப்ப ஒண்ணும் தெரியாம போறவங்களுக்கு மூணு வருஷம் பத்தாது. டிகிரி பாடத்திட்டம் வேகமா ஓடும், வர்ணம் தாண்டி கீர்த்தனைக்கு வந்துடுவாங்க, அடிப்படை இல்லாதவன் மூணு வருஷமும் ஓடிப் பிடிச்சுட்டே இருப்பான். என் கூட சேந்தவங்கள்ல ரெண்டு பேரு இப்படித்தான் ரெண்டாவது வருஷத்துல நின்னுட்டாங்க, நல்ல குரல் ரெண்டு பேருக்கும். அதனால பத்தாவது முடிச்சவங்களா இருந்தா இப்பவே ஆரம்பிங்க.

காகிதம் பத்தி பேசியே ஆகணும், ஏன்னா பாதி வீட்ல "படிச்சுட்டு கவர்மெண்டு மியூசிக் டீச்சர் ஆயிடலாம்"னு ஒரு நம்பிக்கை. 2017ல ஆசிரியர் தேர்வு வாரியம் சிறப்பாசிரியர் எடுத்தாங்க, ஓவியம், தையல், உடற்கல்வி, இசை எல்லாம் சேத்து 1,325 இடம், அதுல இசைக்கு 86. மொத்த தமிழ்நாட்டுக்கும் 86. அத நம்பி மூணு வருஷம் போடாதீங்க, வந்தா நல்லதுன்னு வச்சுக்கங்க. ஆனா கேந்திரிய வித்யாலயாவுல ஆரம்ப வகுப்பு மியூசிக் டீச்சருக்கு இசைல டிகிரி கேக்கறாங்க, ஓசூர் கிருஷ்ணகிரி பக்கம் சிபிஎஸ்இ பள்ளிக்கூடங்க பெருகிட்டே இருக்கு, அங்க மியூசிக் டீச்சர் வேல உண்டு. அவங்க கேக்கறது கர்நாடக சங்கீதம் மட்டும் இல்ல, காலை பிரேயருக்கும் ஆண்டு விழாவுக்கும் கீபோர்டு வாசிக்க தெரியணும். காலேஜ் படிக்கறப்பவே அத கூட கத்துக்கங்க.

இன்னொரு மறைஞ்ச விஷயம். சினிமா ரெக்கார்டிங்ல வயலின் செக்ஷன்ல உக்காரணும்னு கனவோட நெறய பேரு இங்க சேர்றாங்க. கர்நாடக வயலின்ல தரைல உக்காந்து, தந்திய ஸ-ப-ஸ-பன்னு கூட்டி வாசிக்கறோம். ஸ்டூடியோல நாற்காலில உக்காந்து, மேற்கத்திய முறைல சுருதி கூட்டி, முன்னாடி ஸ்டாஃப் நொட்டேஷன் பேப்பர வச்சதும் பாத்த உடனே வாசிக்கணும். வாத்தியம் ஒண்ணு, தொழில் வேற. காலேஜ்ல இத சொல்லித் தர மாட்டாங்க, நீங்களா வெளில தேடிக்கணும்.

## தனியார் இசைப் பள்ளி, சவுண்ட் கோர்ஸ்

பென்னாகரத்து தம்பி கேட்டது இதத்தான். ஏ.ஆர். ரஹ்மான் 2008ல சென்னைல ஆரம்பிச்ச கேஎம் மியூசிக் கன்சர்வேட்டரி, அவன் போன்ல வால்பேப்பரே அதான். லண்டன் மிடில்செக்ஸ் யுனிவர்சிட்டியோட கூட்டு வச்சு டிப்ளமோ நடத்தினவங்க. பியானோ, மேற்கத்திய தியரி, இந்துஸ்தானி, மியூசிக் டெக்னாலஜி எல்லாம் ஒரே கூரைக்கு கீழ. நான் சொன்ன கணக்குல ஒரு பகுதிய, ரெக்கார்டிங், ப்ரொடக்ஷன், கூட்டா வேல செய்யறத, பாடமாவே சொல்லித் தர்ற இடங்கள் இந்த வகைதான். இதுல ரெண்டாவது பேச்சு இல்ல.

விஷயம் காசு. பீஸ் லட்சக் கணக்குல போகும், அதோட சென்னைல ஷேரிங் ரூமும் சாப்பாடும்னு மாசம் ஏழாயிரத்துலருந்து பத்தாயிரம் வச்சுக்கங்க, லேப்டாப், ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்க கம்ப்யூட்டரோட இணைக்கற பெட்டி), ஹெட்போன், மிடி கீபோர்டு (கம்ப்யூட்டர்ல இசை போட உதவற கீபோர்டு) தனி. நெலத்த அடமானம் வச்சு, மாங்கா தோப்ப குத்தகைக்கு விட்டு இதுல போடறதுக்கு முன்னாடி ஒண்ணு யோசிங்க: படிச்சு முடிச்ச பிறகு ரெண்டு வருஷம் சென்னைல சும்மா இருந்து சான்ஸ் தேட வீட்ல தெம்பு இருக்கா? ஏன்னா அந்த படிப்போட பலனே அங்க பழகற ஆளுங்கதான். முடிச்ச மறுநாள் மூட்டை கட்டிகிட்டு ஊருக்கு வந்துட்டா போட்ட காசுல பாதி அங்கயே நின்னு போச்சு.

அதேமாதிரி எல்லா தனியார் இடமும் ஒண்ணு இல்ல. நான் சேந்த ஆறு மாச சவுண்ட் கோர்ஸ்ல விளம்பரத்துல பெரிய கன்சோல் (சவுண்ட் மிக்ஸ் பண்ற மேசை) போட்டோ இருந்துச்சு. உள்ள போனா முப்பது பேருக்கு ஒரு கன்சோல், ஆறு மாசத்துல என் கை அது மேல பட்டது மொத்தமா நாலு மணி நேரம் இருக்கும். மீதி எல்லாம் ப்ரொஜெக்டர்ல படம். அப்பா பால் வித்து சேத்த காசு அது, இன்னைக்கும் நெனச்சா வலிக்குது. அதனால எங்க போனாலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: ஸ்டூடியோவ நான் தனியா வாரத்துக்கு எத்தன மணி நேரம் புக் பண்ணிக்கலாம்? பதில் மழுப்பினா எழுந்து வந்துடுங்க.

சவுண்டுதான் வேணும்னு தெளிவா இருக்கறவங்களுக்கு தரமணில அரசு எம்ஜிஆர் திரைப்பட தொலைக்காட்சி பயிற்சி நிறுவனம் இருக்கு. அங்க ஒலிப்பதிவுக்கு தனியா நாலு வருஷ டிகிரி, அரசு பீஸ். பிளஸ் டூவுல பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி கேப்பாங்க, அதனால பத்தாவது முடிச்சு குரூப் எடுக்கறப்பவே இத யோசிக்கணும். சீட்டு கொஞ்சம், போட்டி ஜாஸ்தி. கெடைச்சா கண்ண மூடிகிட்டு சேருங்க.

## வேற ஒரு டிகிரி, கூடவே கிரேடு பரீட்சை

ஊர்லயே பிகாமோ பிசிஏவோ படிச்சுகிட்டு, வாரக் கடைசில ஒரு வாத்தியார்கிட்ட கத்துகிட்டு, டிரினிட்டி காலேஜ் லண்டனோ, ஏபிஆர்எஸ்எம்ங்கற இன்னொரு லண்டன் அமைப்போ நடத்தற கிரேடு பரீட்சை எழுதறது. ஒண்ணுலருந்து எட்டு வரைக்கும் கிரேடு, டிரினிட்டில அதுக்கு மேல ஏடிசிஎல், எல்டிசிஎல், எஃப்டிசிஎல்னு டிப்ளமோ. கீபோர்டு, பியானோ, கிட்டார், டிரம்ஸ் பசங்களுக்கு நம்ம பக்கத்துல நடைமுறைக்கு ஒத்து வர்றது இதுதான்.

ஓசூர்காரங்களுக்கு இது வரப்பிரசாதம். பெங்களூரு 40 கிலோமீட்டர், பஸ்ஸுல ஏறினா போயி கத்துகிட்டு மத்தியான சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடலாம். தர்மபுரிலருந்து ஓசூர் வழியா ரயில் இருக்கு, ஞாயித்துக்கிழம ஒரு நாள் ஒதுக்கினா முடியும். கிருஷ்ணகிரி டவுனுக்குத்தான் ரயிலே இல்ல, பஸ்ஸுதான் கதி, பெங்களூரு டிராஃபிக்ல மாட்டினா அந்த நாளே போச்சு.

பரீட்சைங்கறதால கை, காது ரெண்டுக்கும் ஒரு அளவுகோல் இருக்கும். ஏபிஆர்எஸ்எம்ல ஆறாவது கிரேடு எழுதணும்னா அஞ்சாவது கிரேடு தியரிய மொதல்ல முடிக்கணும், டிரினிட்டில அந்த கட்டாயம் இல்ல. எது வேணும்னு வாத்தியார்கிட்ட சேர்றப்பவே பேசிக்கங்க. இதுல மறைஞ்ச குழி ஒண்ணு: பரீட்சைக்கு மூணு பாட்டு போதும்கறதால வருஷம் பூரா அந்த மூணையே உருப்போடற பசங்கள பாக்கறேன். ஆறாவது கிரேடு முடிச்சவன்கிட்ட ஒரு பழைய சினிமாப் பாட்டுக்கு கார்டு போடுடான்னா முழிக்கிறான். சுருதி ஒண்ணரைல பாடற பாட்ட அரைக்கட்டை எறக்கி வாசின்னு சொன்னா சுருதிய தானா மாத்தற டிரான்ஸ்போஸ் பட்டன தேடறான். அது கிரேடோட குத்தம் இல்ல, கிரேடு மட்டுமே போதும்னு விட்டதோட விளைவு. இன்னொண்ணு, கிரேடு ஏற ஏற பீஸும் ஏறும், தவறினா திரும்ப முழு பீஸ்.

இது பிஏ டிகிரிக்கு சமம் இல்லங்கறதையும் தெரிஞ்சுக்கங்க. மியூசிக் டிகிரி வேணும்னு கேக்கற அரசு வேலைக்கு கிரேடு சர்டிபிகேட்ட தூக்கிட்டு போனா எடுபடாது. தனியார் பள்ளிக்கூடத்துல, சொந்தமா கிளாஸ் ஆரம்பிக்கறதுக்கு, நல்லா எடுபடும்.

## நேரா செட்டுல சேர்றது

படிப்பே வேணாம், ஆர்கெஸ்ட்ரா செட்டுல சேந்து பழகிக்கறேன்னு ஒரு கூட்டம். பேட் வாசிக்கறவங்க, கீபோர்டுக்காரங்க நெறய பேரு இப்படி வந்தவங்கதான், சில பேரு என்னை விட நூறு மடங்கு கில்லாடிங்க. கணக்கு இங்க தானா வரும். ஆனா ஆடி, மார்கழி, புரட்டாசி எல்லாம் பாக்கெட் காலி, யாரும் திருத்த மாட்டாங்க, இருபது வயசுல இருந்த கையே நாப்பதுலயும் இருக்கும். தனி வழியா இத சொல்ல மாட்டேன், மேல சொன்ன எதோடயும் சேத்துப் பண்ணுங்கன்னு கண்டிப்பா சொல்வேன்.

## ஒரே பார்வைல

| வழி | கை | காது | கணக்கு | காகிதம் | காசு |
|---|---|---|---|---|---|
| அரசு இசைப் பள்ளி | ரொம்ப நல்லா வரும் | கர்நாடகம் மட்டும் | இல்ல | சர்டிபிகேட், கோயில் வேலைக்கு உதவும் | சில நூறு, பஸ் செலவு |
| அரசு இசைக் கல்லூரி | அடிப்படை இருந்தா ரொம்ப நல்லது | நல்லது | கொஞ்சூண்டு | டிகிரி | பீஸ் குறைவு, ஹாஸ்டல் செலவு |
| தனியார் | இடத்த பொறுத்து | மேற்கத்தியம் நல்லது | நல்லது | இடத்துக்கு இடம் மாறும் | லட்சங்கள் |
| வேற டிகிரி, கிரேடு | வாத்தியார பொறுத்து | நல்லது | நீங்களா தேடணும் | டிகிரி உண்டு, ஆனா மியூசிக்ல இல்ல | நடுத்தரம், ஞாயித்துக்கிழம எல்லாம் போகும் |
| நேரா செட்டு | பழக்கத்துல வர்றது | கேள்வி ஞானம் | நல்லது | ஒண்ணும் இல்ல | வரவு உண்டு, சீசன்ல மட்டும் |

## எந்த வழில போனாலும் கணக்க நீங்களே படிச்சுக்கணும்

மேல பாத்தீங்கன்னா அரசு இடம் எதுலயும் கணக்கு தேறல. அதனால நாலு விஷயம் மட்டும் இங்கயே சொல்லிடறேன், இத யாரும் எனக்கு இருபது வயசுல சொல்லல.

சொந்தமா பாட்டு போடறீங்க, எழுதறீங்கன்னா 2012ல காப்புரிமைச் சட்டத்துல வந்த திருத்தத்த தெரிஞ்சுக்கங்க. படத்துக்கோ ஆல்பத்துக்கோ போட்ட பாட்டு வேற விதமா ஓடறப்ப, டிவில, ரேடியோல, ஆப்ல, அதுல வர்ற ராயல்டில இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் உள்ள சம பங்க எழுதி வாங்கிக்க யாராலயும் முடியாது. வாரிசுக்கு போகலாம், வசூல் பண்ற சங்கத்துக்கு குடுக்கலாம், அவ்ளோதான். அந்த சங்கம் ஐபிஆர்எஸ், 1969லருந்து இருக்கு, மெம்பர் ஆயிடுங்க. பக்தி பாட்டு ஆல்பம் போடறவங்க நம்ம பக்கம் எத்தன பேரு, கோயில் திருவிழாவுக்கு ஊர் ஊரா அதே பாட்டு ஓடுது, போட்டவன் ஒரு தடவ வாங்கின ஐயாயிரத்தோட ஒக்காந்திருக்கான்.

பாரம்பரிய இசை, நாட்டுப்புறக் கலைல ஒரு கச்சேரிக்கு ஒண்ணரை லட்சம் வரைக்கும் வாங்கற கலைஞருக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. சினிமாப் பாட்டு கச்சேரிக்கு அந்த விலக்கு வராது, ஆனா மொத்த வருமானம் வருஷத்துக்கு 20 லட்சம் தாண்டினாத்தான் பதிவே. கம்பெனி விழாவுக்கு, முக்கியமா ஓசூர் பக்கம், வாசிக்கப் போனா பில் கேப்பாங்க, டிடிஎஸ்னு வரிய முன்னாடியே பிடிப்பாங்க, வரி கட்டற அளவுக்கு வருமானம் இல்லன்னா, பான் கார்டு வச்சு வருஷா வருஷம் ரிட்டர்ன் போட்டா பிடிச்சது திரும்பி வரும். பாதி பேரு அத கேக்காமலே விட்டுடறாங்க.

ரெக்கார்டிங் கத்துக்க லட்சம் வேணாம். ரீப்பர்னு ஒரு சாஃப்ட்வேர், 60 நாள் இலவசமா பாத்துட்டு அப்புறம் வாங்கலாம், தனியாளுக்கு 60 டாலர்தான். ஒரு மைக், ஒரு சின்ன இன்டர்ஃபேஸ், வாரம் ஒரு பாட்டு ரெக்கார்ட் பண்ணுங்க. அட்வான்ஸ் வாங்காம தேதி குடுக்காதீங்க, வாட்ஸ்அப்லயாவது தேதி, நேரம், ரேட், வண்டி, சாப்பாடு யாருதுன்னு எழுதி வாங்குங்க.

## யாருக்கு நான் எத சொல்வேன்

பத்தாவதுலயே நின்னவங்க, வீட்ல சுத்தமா வசதி இல்லாதவங்க, பாட்டு, வயலின், மிருதங்கம், நாயனம், தவில்: கிருஷ்ணகிரி இசைப் பள்ளி. பிளஸ் டூ முடிச்சவங்க கூடவே தபால்ல டிகிரி. யோசிக்கவே வேணாம்.

ஏற்கனவே நாலஞ்சு வருஷம் கத்துகிட்டு வர்ணம், கீர்த்தனை வரைக்கும் வந்துட்டவங்க, டீச்சர் வேலையோ மேடையோ மனசுல இருக்கறவங்க: கோவை இல்ல திருவையாறு. பொண்ண தனியா அனுப்ப பயப்படற வீடுகளுக்கு, ராணி மேரி பொம்பளப் பிள்ளைங்க மட்டும் படிக்கற அரசு காலேஜ்.

மியூசிக் ப்ரொடக்ஷன்தான், வேற எதுவும் இல்லன்னு இருக்கறவங்க, கடன் வாங்காம பீஸ் கட்ட முடியறவங்க, முடிச்சும் சென்னைல நிக்க முடியறவங்க: நல்ல தனியார் இடம். மூணுல ஒண்ணு இல்லன்னாலும் வேணாம், தரமணிக்கு முயற்சி பண்ணுங்க.

கீபோர்டு, கிட்டார், டிரம்ஸ், வீட்ல டிகிரி வேணும்னு நிக்கறாங்க: ஊர்ல டிகிரி, வாரக் கடைசி வாத்தியார், கிரேடு, கூடவே ஒரு செட்டுல முகூர்த்த நாள் வாசிப்பு.

பென்னாகரத்து தம்பிக்கு கடைசில இதத்தான் சொன்னேன். கொஞ்சம் முகம் வாடிடுச்சு. நான் அவன வாசிக்க சொல்லி கேட்டேன், வலது கை பிரமாதம், இடது கை கார்டுக்கு மேல போகல, நொட்டேஷன் ஒரு எழுத்து தெரியல. அந்த நெலமைல லட்சம் கட்டி சேந்தா மொத வருஷம் பூரா அடிப்படையே போயிடும், அந்த அடிப்படைய ஞாயித்துக்கிழம டிக்கெட் காசுல கத்துக்கலாம். மூணு வருஷத்துல அஞ்சாவது ஆறாவது கிரேடு, கைல பிகாம், அப்பவும் அதே ஆச இருந்தா இருபத்தோரு வயசுல கன்சர்வேட்டரிக்கு போ, அப்ப வாங்கறது முழுசா உள்ள எறங்கும்னு சொன்னேன். அவங்க அப்பா அந்த எடத்துலதான் மொதல் தடவ சிரிச்சாரு. தம்பி பதில் சொல்லல, கீபோர்டு பைய தோள்ல மாட்டிகிட்டே, "ஓசூர்ல நொட்டேஷன் சொல்லித் தர்ற வாத்தியார் நம்பர் இருக்காண்ணா"ன்னு கேட்டான்.

குடுத்தனுப்பினேன்.